ஐந்து சூடு, ஒரு தட்டு

1909-இல் லண்டனில் குறி பார்த்துச் சுடப் பழக விரும்பியவருக்குக் கையில் சில்லறை இருந்தால் போதும். டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் 92ஆம் எண்ணில் ஒரு சுடுகூடம் இருந்தது. ஹோல்பர்னில் கேமேஜஸ் கடை. பொம்மையும் விளையாட்டுச் சாமானும் விற்ற அதே கூரையின் கீழ் கோல்ட் பிஸ்டலும் கிடைத்தது. உரிமம் தபால் ஆபீஸில், பத்து ஷில்லிங். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இந்திய மாணவர் மதன்லால் திங்கரா அந்த ஜனவரியில் அந்தக் கடையில் பிஸ்டல் வாங்கினார். பிறகு அந்தச் சுடுகூடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஜூலை 1 மாலையும் போய், 18 அடியிலிருந்து 12 குண்டு சுட்டார். 11 இலக்கில் பட்டன. அன்றிரவு சவுத் கென்சிங்டனில் பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். சுடுகூடக்காரர் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னதால்தான் இந்தக் கணக்கெல்லாம் நமக்குத் தெரிகிறது.

திருச்சி வரகனேரிக்காரரான வ.வே.சு. ஐயர் அப்போது இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய ஹைகேட் இந்தியா ஹவுஸ் வட்டத்தில் இருந்தார். பிற்பாடு புதுச்சேரியில் இளைஞர்களுக்குச் சுடப் பழக்கியவர். லண்டனைவிட்டுத் தப்பும்போது சீக்கியராக வேடமிட்டு, பெட்டியிலிருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளுக்குச் ‘சிங்’ என்று முடிகிற ஒரு பெயரைச் சொல்லிச் சமாளித்தார் என்று ஒரு கதை உண்டு. சீக்கியர் நிறைந்த சவுத்தாலில் குடியிருக்கும் தமிழனுக்கு இந்தக் கதை தனி ருசி. இங்கே தலைப்பாகை கட்டாதவன்தான் வேடம் போட்டவன்போல் தெரிவான்.

அந்தக் காலத்தின் வேடிக்கை இதுதான். 1878-இன் ஆயுதச் சட்டப்படி, திருச்சியில் ஓர் இந்தியர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம்; பக்கத்து பங்களா வெள்ளைக்காரருக்கு விலக்கு. அதே இந்தியர் கப்பலேறி லண்டன் வந்துவிட்டால், பத்து ஷில்லிங்கில் வெள்ளைக்காரரோடு சமமாகிவிடுவார். ஆளும் நாட்டில் இருந்த சுதந்திரம் ஆளப்படும் நாட்டில் இல்லை. லண்டனிலும் அது நீடிக்கவில்லை. 1920-இல் முதல் முறையாகக் காவல்துறைச் சான்றிதழ் வந்தது. அதிலிருந்து நூறாண்டாகக் கதவு ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டு வருகிறது.

சவுத்தாலில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் அண்மையில் அந்தக் கதவு எல்லாவற்றையும் தட்டி, மிச்சமிருந்த ஒரு சிறிய இடைவெளி வழியாக ஒரு லீவர்-ஆக்‌ஷன் ரைபிள் வாங்கினார். வன்னியில் பிறந்தவர், எண்பதுகளில் வந்தவர், ஹீத்ரோ சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அது ஒன்றரை வருடத்து வேலை. முதலில் உள்துறை அமைச்சக அங்கீகாரமுள்ள ஒரு சுடுகழகத்தில் தகுதிகாண் உறுப்பினர். அது குறைந்தது மூன்று மாதம். மற்றவர் துப்பாக்கியில், மற்றவர் கண்காணிப்பில் சுட வேண்டும். பிறகு விண்ணப்பம். அவரை அறிந்த இருவரின் பரிந்துரைக் கடிதம், குடும்ப மருத்துவரின் குறிப்பு, வீட்டுக்கு வந்து பார்க்கும் அதிகாரி, சுவரில் போல்ட் அடித்த இரும்புப் பெட்டி. 2025 பிப்ரவரியில் புதிய சான்றிதழின் கட்டணம் 88 பவுண்டிலிருந்து 198 ஆனது. அந்தக் காகிதத்தில் எந்தத் துப்பாக்கி, என்ன காலிபர், எத்தனை தோட்டா வாங்கலாம், எத்தனை வீட்டில் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் அச்சாகி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி: உனக்கு இது எதற்கு? ‘தற்காப்புக்கு’ என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. ‘இலக்குச் சுடுதல், இன்ன கழகத்தில்’ என்றால் மேற்கொண்டு பேசுவார்கள்.

“ஊரிலை துவக்கைக் கண்டா ஓடின ஆக்கள் நாங்கள். இஞ்சை வந்து காசு குடுத்துச் சுடுறம்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் மனைவியான அக்காவுக்குச் சிரிப்பு வருவதில்லை. “இந்தச் சனியனை ஏன் வீட்டுக்கை கொண்டு வாறியள்” என்றுதான் முதல் நாள் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அண்ணையின் அப்பா வன்னியில் அரசாங்கக் கச்சேரிக்குப் போய் வருடாவருடம் உரிமம் புதுப்பித்து ஒரு தோட்டாத் துவக்கு வைத்திருந்தார். வயலுக்கு வரும் பன்றிக்கு, எப்போதாவது யானையை வெருட்ட. ஊரில் இடியன் துவக்கும் இருந்தது, உரிமமே இல்லாத கட்டுத்துவக்கும் இருந்தது. அப்பாவின் துவக்கு ஒரு நாள் வீட்டைவிட்டுப் போனது. யார் வந்து வாங்கிப் போனார்கள் என்று அண்ணை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

லீவர்-ஆக்‌ஷன் என்றால் கௌபாய் படத்தில் பார்த்த அதே சாமான். விசைக்குக் கீழே வளையம்; கையை வளையத்துக்குள் விட்டுக் கீழே தள்ளினால் சுட்ட கூடு வெளியே தெறிக்கும், மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். 1860-இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி செய்தது முதல் வெற்றி. 16 தோட்டா கொள்ளும். பிறகு வின்செஸ்டரின் 1866, 1873. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1892, 1894. அன்று இது போர்க்கருவியாகவும் பார்க்கப்பட்டது. 1877-இல் பிளெவ்னாவில் துருக்கியர் வின்செஸ்டரால் ரஷ்யர்கள்மீது குண்டைக் கொட்டித் தீர்த்ததை ஐரோப்பியப் படைகள் வாயைப் பிளந்து பார்த்தன. பிரிட்டிஷ் ராணுவம் மார்ட்டினி-ஹென்றியோடு நின்றது. அதிலும் விசைக்குக் கீழே லீவர் உண்டு. ஆனால் ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான். அந்த ஒற்றைத் தோட்டாவைக்கூட இந்தியச் சிப்பாய்க்கு உடனே தரவில்லை. 1857 கலகத்தின் பயத்தில், வெள்ளைப் படையிடம் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழையதைத்தான் அவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். முதல் உலகப் போர் வந்து துப்பாக்கித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது ராயல் நேவி சில ஆயிரம் வின்செஸ்டர் 94-களை வாங்கிக் கப்பல்களுக்குக் கொடுத்தது. அதோடு இந்த நாட்டில் லீவருக்கு வேலை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

தீராமல் செய்தவை இரண்டு படுகொலைகள். 1987 ஆகஸ்டில் ஹங்கர்ஃபோர்டில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். மறுவருடச் சட்டம் .22 ரிம்ஃபயர் நீங்கலாகத் தானியங்கி முறையில் நிறையும் ரைபிள்களையும், முன்கட்டையை இழுத்துத் தள்ளும் பம்ப் ரைபிள்களையும் தடை செய்தது. லீவர் அந்தப் பட்டியலில் இல்லை. 1996 மார்ச் 13, ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். 1997-இல் வந்த இரண்டு சட்டங்கள் கைத்துப்பாக்கியை அடியோடு எடுத்துக்கொண்டன. முதலாவது பெரிய காலிபர், இரண்டாவது .22-உம். ஏறக்குறைய 1,62,000 கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. அந்தச் சட்டங்கள் தேவையாக இருந்தன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அண்ணைக்கும் இல்லை, குழந்தைகள் செத்த இடத்தில் பொழுதுபோக்கு வாதாடக் கூடாது என்பார்.

அதன்பிறகு நடந்ததுதான் விசித்திரம். நாடு முழுக்கப் பிஸ்டல் கழகங்களில் 25 மீட்டர் சுடுதளங்கள் சும்மா கிடந்தன. உறுப்பினர்களிடம் .38 ஸ்பெஷல், .357 மேக்னம் தோட்டாவை நிரப்பும் கருவிகள், மூட்டை மூட்டையாய்ப் பித்தளைக் கூடுகள். ரிவால்வர் மட்டும் இல்லை. அதே தோட்டாவைச் சுடக்கூடிய, குழல் 30 சென்டிமீட்டருக்கும் மொத்த நீளம் 60 சென்டிமீட்டருக்கும் குறையாத, சட்டம் விட்டுவைத்த ஒரு பொருள் தேவைப்பட்டது. நூறு வருடம் பழைய குதிரைவீரன் துப்பாக்கி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. ‘கேலரி ரைபிள்’ என்று அதற்கு ஒரு போட்டிப் பிரிவே உண்டாயிற்று. 150 தோட்டாவுக்கு 1500 புள்ளி என்கிற பழைய போலீஸ் பிஸ்டல் போட்டியை இன்று பிஸ்லி சுடுதளத்தில் லீவர் ரைபிளால் சுடுகிறார்கள். 2019-இன் ஆயுதச் சட்டம் ‘லீவர்-ரிலீஸ்’ என்று ஒரு வகையைத் தடை செய்தபோது அண்ணையின் கழகத்தில் சிலருக்கு வயிற்றில் புளி கரைத்தது. பெயரைப் பார்த்துப் பயந்தார்கள். அது வேறு சாமான். சுட்ட பின் தானே பின்வாங்கி நிற்கும் போல்ட்டை ஒரு சிறு லீவரால் விடுவிப்பது. கையால் முழுதும் இயக்குகிற பழைய லீவர் அப்போதும் தப்பிவிட்டது.

சவுத்தாலிலிருந்து பிஸ்லிக்குக் காரில் ஒரு மணி நேரம். எம்4, எம்25, எம்3. தேசிய ரைபிள் சங்கம் 1859-இல் தொடங்கி முதலில் விம்பிள்டன் பொதுவெளியில்தான் சுட்டது. வீடுகள் நெருங்கி வர, 1890-இல் சர்ரேயின் பிஸ்லிக்கு இடம் மாறியது. வாட்டர்லூவிலிருந்து புரூக்வுட் வந்து, அங்கிருந்து ஒரு குட்டிக் கிளைப் பாதையில் சுடுவோர் வந்திறங்குவார்கள். 1952-இல் அதுவும் நின்றது. லண்டன் வளர வளரத் துப்பாக்கிச் சத்தம் வெளியே தள்ளப்பட்டுக்கொண்டே போயிருக்கிறது. நமக்குப் பக்கத்திலுள்ள வெஸ்ட் லண்டன் ஷூட்டிங் ஸ்கூல்கூட 1901-இல் பெரிவேலில் ஆரம்பித்துப் பின்னர் நார்த்தோல்டுக்கு நகர்ந்ததுதான். ஆனால் அது களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடும் ஷாட்கன் உலகம், அங்கே லீவருக்கு வேலையில்லை.

சவுத்தாலும் அன்று வேறு ஊர். செங்கல் சூளை, மார்ஜரின் ஆலை, காஸ் தொழிற்சாலை. 1698-இல் அரசப் பட்டயம் பெற்ற சந்தையில் இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரைகூடப் புதன்கிழமைகளில் குதிரை ஏலம் போனது. காஸ் தொட்டியின் பக்கவாட்டில் ‘எல்ஹெச்’ என்று பெரிய எழுத்து. ஹீத்ரோவுக்கு இறங்கும் விமானிகள் தவறிப்போய் நார்த்தோல்ட் ஓடுபாதையில் இறங்கிவிடாதிருக்க எழுதியது. அறுபதுகளில் பஞ்சாபிகள் வந்து நிரம்பினார்கள், இலங்கையின் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நம் ஆட்களும். இப்போது அந்தத் தொட்டி இல்லை, அடுக்ககங்கள் எழும்பி நிற்கின்றன. ஸ்டேஷன் பலகையில் குர்முகி, பிராட்வேயில் ஜிலேபி. அண்ணை சுட்டு முடித்து வரும்போது ஜிலேபிக்கு வண்டியை நிறுத்த மாட்டார். துப்பாக்கியைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகக் கூடாது. நேரே வீடு, பெட்டி, பூட்டு, பிறகுதான் கடை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அவரிடம் ரைபிள் இருப்பதே தெரியாது. நீளப் பையைப் பார்த்து மீன் பிடிக்கப் போகிறார் என்று நினைத்திருக்கிறார். அண்ணை அதைத் திருத்தவில்லை.

கழகத்தின் விருந்தினர் நாளில் நானும் போனேன். அப்படிப்பட்ட நாட்கள் கழகத்துக்கு வருடத்தில் பன்னிரண்டுக்கு மேல் கிடையாது. ரைபிள் புதிது. அமெரிக்க வடிவம், ஜப்பான் தொழிற்சாலை, பிரிட்டிஷ் வணிகர், வன்னிக்காரரின் தோள். இந்தக் காலத்து லீவர் ரைபிள் நியூ ஹேவனிலிருந்து வருவதில்லை. வின்செஸ்டரின் பழைய ஆலை 2006-இல் மூடியாயிற்று. பிரேசில், இத்தாலி, ஜப்பானிலும் செய்து அனுப்புகிறார்கள். கையில் வாங்கியதும் தெரிவது கனமின்மை, மூன்று கிலோ சொச்சம். இரண்டாவதாகத் தெரிவது இறுக்கம். புது லீவர் பாதி வழியில் ஒரு கணம் தயங்கும். தயங்கினால் நீயும் தயங்காதே, முழுதாகத் தள்ளு என்பது பாடம். அரைகுறையாகத் தள்ளினால் தோட்டா குறுக்கே சிக்கும். பக்கவாட்டுக் கதவு வழியாக ஒவ்வொரு தோட்டாவாகக் கட்டைவிரலால் அழுத்தி நிரப்ப வேண்டும். அதன் வில்லும் கூர்விளிம்பும் புதிதில் நகத்தைப் பதம்பார்க்கும். தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒன்றின் பின் ஒன்றாகப் படுத்திருப்பதால், முனை தட்டையானதையே போட வேண்டும். கூர்முனை முன்னால் இருப்பதன் பின்பக்க மருந்துக் கிண்ணியில் குத்தினால் விபரீதம். இதெல்லாம் 1892-இலும் இப்படித்தான்.

மாறியது ஒன்று, சுத்தியலுக்குப் பின்னால் ஒரு பாதுகாப்புப் பொத்தான். பழைய ரைபிளில் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்துவதுதான் பாதுகாப்பு. அதற்கு மேல் உன் புத்தி. கழகத்து மூத்தவர்கள் பொத்தானைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள், வக்கீல்களுக்காக வைத்தது என்று. இருக்கட்டுமே. வக்கீலுக்குப் பயந்தாவது நாலு பேர் உயிர் பிழைக்கட்டும். அதே மூத்தவர்களில் பாதிப் பேர் காதில் செவிப்பொறி மாட்டியிருக்கிறார்கள். வெறுங்காதோடு, மிஞ்சிப்போனால் பஞ்சோடு சுட்ட தலைமுறை. இன்றைக்குப் பேச்சைக் கேட்கவிட்டு வெடியை மட்டும் அடைக்கும் எலெக்ட்ரானிக் மஃப் இல்லாமல் யாரும் கோட்டில் நிற்பதில்லை.

.38 ஸ்பெஷல் இந்த ரைபிளில் தோளை இடிக்காது, தள்ளும். அது ஒரு நல்ல முதல் எண்ணம். ஆனால் தாளைப் பார்த்தால் அண்ணையின் முதல் ஐந்தும் கறுப்பு வட்டத்துக்கு வெளியே, 25 மீட்டரில் பத்து சென்டிமீட்டர் தாழ்வாகவும் ஆறு சென்டிமீட்டர் இடமாகவும் கிடந்தன. கூட்டமாகக் கிடந்தன என்பதுதான் முக்கியம். என்.சி.சி.யில் .22 சுட்டவர்களுக்குக் ‘குரூப்பிங்’ என்று ஹவில்தார் கத்தியது நினைவிருக்கும்; ஐந்தும் சேர்ந்து விழுந்தால் குறை குறியில், சிதறி விழுந்தால் குறை ஆளில். ஒரு சூட்டைப் பார்த்துவிட்டுக் குறியைத் திருப்புகிறவன் நாள் முழுக்கத் திருப்பிக்கொண்டே இருப்பான்.

குறி என்றால் இரண்டு. குழல் நுனியில் முன்குறி, மேலே ஒரு பித்தளை மணி. நடுவில் பின்குறி, இரு பக்கமும் மேலெழும்பி உள்ளே வளைந்த கொம்புகள், நடுவே ஒரு சிறு வெட்டு. பின்குறிக்குக் கீழே படிகள் வெட்டிய ஒரு தகடு. அதை முன்னும் பின்னும் தள்ளி உயர்த்தலாம், தாழ்த்தலாம். இடவலம் மாற்ற, பின்குறி உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் அதையே பக்கவாட்டில் தட்டி நகர்த்த வேண்டும். பித்தளைக் கம்பி ஒன்று, சின்னச் சுத்தியல் ஒன்று. விதி எளிது: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்து. முன்குறியை நகர்த்துவதானால் நேர் எதிர், குண்டு தவறிப்போன பக்கமே முன்குறியும் போக வேண்டும். எவ்வளவு என்பதற்கு எட்டாம் வகுப்பு ஒத்த முக்கோணம். இரு குறிகளுக்கும் இடைத்தூரம் 40 சென்டிமீட்டர், தாள் 25 மீட்டர் தள்ளி. ஆறு சென்டிமீட்டர் பிழைக்கு அறுபதை நானூறால் பெருக்கி இருபத்தையாயிரத்தால் வகுத்தால் 0.96, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். உயரத்துக்கு அதே கணக்கில் 1.6 மில்லிமீட்டர்.

ஒரு மில்லிமீட்டரைச் சுத்தியலால் தட்டி நகர்த்துவது என்பது பொறுமைக்கு வைத்த பரீட்சை. புது ரைபிளில் பள்ளம் இறுகிக் கிடக்கும். மெதுவாகத் தட்டினால் அசையாது. கொஞ்சம் ஓங்கினால் சட்டென்று இரண்டு மில்லிமீட்டர் ஓடிவிடும். அண்ணை பென்சிலால் குழலில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஐந்து சுட்டு ஒரு தட்டு, ஐந்து சுட்டு ஒரு தட்டு என்று போனார். பக்கத்தில் தட்டிப் பார்த்த ஆங்கிலேயர் ஒருவர், தன் அப்பா காலத்தில் கொல்லனிடம் கொண்டுபோய் அரத்தால் முன்குறியைத் தேய்ப்பார்கள் என்றார். தேய்த்தால் குண்டு ஏறும், அதிகம் தேய்த்துவிட்டால் புது முன்குறிதான்.

இந்தக் கலையின் மிகப் பெரிய நாடகம் நடந்ததும் இந்த ஊர்ப் பக்கம்தான். 1860 ஜூலை 2, விம்பிள்டன். தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டிக்கு விக்டோரியா ராணி முதல் குண்டைச் சுட வேண்டும். ராணி தவறவிட்டால் என்ன ஆவது? பொறியாளர் ஜோசப் விட்வொர்த் தன் ரைபிளை இரும்புத் தாங்கியில் பூட்டி, 400 கெஜத்துக்குக் குறியை முன்பே சரிபார்த்து வைத்துவிட்டார். ராணி பட்டுக்கயிற்றை இழுத்தார். குண்டு நட்டநடுவிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தது. கைதட்டல் ராணிக்கு, வேலை முழுக்கக் குறி சரிபார்த்தவருடையது. சுடுதளத்தில் இன்றும் அதுதான் நிலைமை. விசையை இழுப்பது ஒரு நொடி. அதற்கு முந்திய அரைநாள் தட்டலும் எழுத்தும்.

ஆனால் அண்ணைக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பின்குறியின் வெட்டு, முன்குறியின் மணி, தூரத்துக் கறுப்பு வட்டம் மூன்றையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. இளம் வயதில் கண்ணின் வில்லை வளைந்து வளைந்து மூன்றுக்கும் ஓடி ஓடி மாறும், அதனால் மூன்றும் தெரிவதாக ஒரு மயக்கம். நாற்பதைத் தாண்டினால் வில்லை இறுகிவிடும். அண்ணைக்கு அறுபத்தைந்து. பின்குறி பஞ்சுத் திரியாய்த் தெரிந்தது. வெரிஃபோக்கல் கண்ணாடியில் தலையை நிமிர்த்தினால் மணி தெரியும், குனிந்தால் தாள் தெரியும். “தம்பி, நான் துவக்குக்குக் குறி பாக்கிறனோ, கண்ணாடிக்குக் குறி பாக்கிறனோ தெரியேல்லை” என்றார்.

கௌபாய்களுக்கு இந்தப் பிரச்சினை இருந்ததாக எந்தப் படமும் சொல்லவில்லை. ஆனால் இருந்தது. அதற்கு அமெரிக்காவில் வில்லியம் லைமன் என்பவர் 1870-களின் கடைசியிலேயே விடை சொல்லிவிட்டார். கண்ணுக்கு மிக அருகே, கட்டையின் கழுத்தில் நிற்கும் ஒரு வளையம், நடுவில் துளை. துளையைப் பார்க்கவே கூடாது, துளை வழியாகப் பார்க்க வேண்டும். மணியைப் பார், மணியைத் தாளில் வை. துளையின் நடுவில் மணியைக் கொண்டுவருவதைக் கண் தானே செய்துவிடும். பார்க்க வேண்டியது மூன்றிலிருந்து இரண்டாகக் குறைகிறது. சிறிய துளை வழியாக வரும் ஒளி கிட்டத்தையும் எட்டத்தையும் ஓரளவு ஒருங்கே தெளிவாக்கும். கண்ணாடி இல்லாத நேரத்தில் விரல்களைச் சுருட்டி அந்த இடுக்கு வழியாகக் கடிகாரம் பார்ப்போமே, அதே சங்கதி. இன்னொரு லாபம், பின்குறி பின்னால் போவதால் இடைத்தூரம் 40 சென்டிமீட்டரிலிருந்து 60-ஐ எட்டுகிறது. அதே பிழைக்கு ஒன்றரை மடங்கு நகர்த்தலாம், ஆகவே நுணுக்கம் கூடும்.

அண்ணை அடுத்த முறை வந்தபோது ரைபிளில் துளைக்குறி ஏறியிருந்தது. சுத்தியல் பையிலேயே இருந்தது. இரண்டு திருகு, ஒன்று உயரத்துக்கு, ஒன்று பக்கத்துக்கு. ஒவ்வொரு கிளிக்கும் கால் மினிட். மினிட் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். 25 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு இரண்டு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆறு சென்டிமீட்டர் பிழையென்றால் 33 கிளிக். தட்டலும் பென்சில் கோடும் போய், எண்ணிக்கை வந்துவிட்டது. பக்கத்துத் தளத்தில் ஓர் இளைஞன் லீவர் ரைபிள் மேல் சிவப்புப் புள்ளிக் கண்ணாடியே பொருத்தியிருந்தான். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சிவப்புப் புள்ளியைத் தாளில் வைத்தால் முடிந்தது. அழகு போய்விட்டது என்று ஒரு மூத்தவர் முணுமுணுத்தார். முணுமுணுத்தவருக்குத் தன் தாளில் விழுந்த ஓட்டைகளே தெரியவில்லை, தொலைநோக்கியைக் கேட்டு வாங்கினார். கண் போன பிறகு அழகு பேசுவது எளிது. என் ஓட்டு துளைக்குறிக்கு.

ஓட்டையைப் பார்ப்பதும் மாறித்தான் போனது. முன்பு பள்ளத்தில் ஆள் நின்று இலக்கை இறக்கி, குண்டு பட்ட இடத்தில் வட்டு குத்தி, மறுபடி ஏற்றுவான். இங்கே நெடுந்தூரச் சுடுதளங்கள் சிலவற்றில் இப்போது எலெக்ட்ரானிக் இலக்குகள். சுடுபவர் பக்கத்துத் திரையில் புள்ளி விழுகிறது. 25 மீட்டரில் மட்டும் தாளும் பசையும் இன்னும் பிழைத்திருக்கின்றன. சிவப்புக் கொடி இறங்கினால் எல்லோரும் நடந்துபோய், ஓட்டைகளில் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டு வர வேண்டும். அங்கேதான் பேச்சு நடக்கும்.

நான் போன நாளில் அந்த நடையில் ஒரு குஜராத்திப் பெண் டாக்டர், இரண்டு பஞ்சாபிகள், ஒரு போலந்துக்காரர், எங்கள் அண்ணை. 1890-இல் இந்தப் புல்லில் நம் ஆள் நின்றிருந்தால் அநேகமாக ஒரு மகாராஜா, அல்லது யாரோ ஒருவரின் துப்பாக்கிப் பையைச் சுமந்தவர். 2002-இல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியின் சுடுதல் பிரிவு பிஸ்லியில்தான் நடந்தது. சொந்த நாட்டில் தடை செய்த பிஸ்டலுக்கு அப்போது பிரிட்டிஷ் அரசு தனி அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. ஜஸ்பால் ராணாவும் அஞ்சலி பாக்வத்தும் வந்து இங்கிருந்து பதக்கம் அள்ளிப் போனார்கள். அதற்கு நான்கு வருடம் முன்பே சென்னையின் ரூபா உன்னிகிருஷ்ணன் கோலாலம்பூரில் படுத்துச் சுடும் ரைபிள் பிரிவில் தங்கம் வாங்கியிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது பல்கலைக்கழக அணிக்கும் சுட்டவர். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் வுல்விச்சில் வெண்கலம் எடுத்தார். கடலூர்க்காரரான இளவேனில் வாலறிவன் உலகத் தரவரிசையில் பேசப்பட்டவர். பிஸ்டல்காரரான ராணாவை விட்டால், அவர்கள் சுடுவது லீவர் அல்ல, காற்று ரைபிளும் .22-உம். ஆனால் அந்த ரைபிள்காரர்கள் எல்லோரும் துளை வழியாகத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கிளிக் சத்தம் ஒன்றே.

அண்ணையின் மகளுக்கு இதில் துளியும் ஆர்வமில்லை. அப்பா ஏன் சனிக்கிழமையை இப்படிக் கழிக்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. அவரிடம் நானும் ஒரு முறை கேட்டேன். ஊரில் ஒருவன் கையில் துவக்கு இருந்தால் மற்றவன் தலை குனிந்து போக வேண்டும். இங்கே சிவப்புக் கொடி ஏறினால் எல்லோரும் ஒரே கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், ரேஞ்ச் அதிகாரி நிறுத்து என்றால் கோடீஸ்வரனும் நிறுத்த வேண்டும், அது தனக்குப் பிடித்திருக்கிறது என்றார். பிறகு, அதெல்லாம் சும்மா, சத்தம் பிடிச்சிருக்கு என்றும் சொன்னார்.

இப்போது அவர் .38-க்கு 25 மீட்டரில் குறியை நிறுத்திவிட்டார். அதே ரைபிளில் .357 போட்டால் குண்டு வேகமாகப் போகும், வேறு இடத்தில் விழும். குண்டின் எடை 158 கிரெயினிலிருந்து 125-க்கு மாறினால் இன்னொரு இடம். இந்தக் கணக்கைப் புத்தகம் சொல்லாது, ஒவ்வொரு ரைபிளும் தன் தாளில்தான் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஐந்தாகச் சுட்டு, எத்தனை கிளிக் மேலே, எத்தனை வலம் என்று ஒரு துண்டு டேப்பில் தமிழில் எழுதிக் கட்டையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறார். கழகத்து ஆங்கிலேயர் ஒருவர் அது மந்திரமா என்று கேட்டார். “ஓம், அப்பிடித்தான்” என்றார் அண்ணை. .357-க்கான வரி இன்னும் காலியாக இருக்கிறது. தோட்டா விலை இறங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.